"தொர எந்திரிச்சிட்டாரா?": முரண்நகையும் குத்தலும் பிரியும் இடம்

இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் இறங்கிப் போய்விட்டார்கள். தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் நாலாவது காம்பராவில், அதாவது அறையில், ஒருவர் இன்னும் கம்பளிக்குள் கிடக்கிறார். வாசலில் ஒரு குரல்: "தொர எந்திரிச்சிட்டாரா?"

நடுச்சாமம் வரை சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துவிட்டுத் தூங்கும் மகனிடம், தேத்தண்ணிக் கோப்பையை நீட்டியபடி அம்மா இப்படிக் கேட்டால் அதில் இருப்பது பிரியம். போகிற வழியில் கதவைத் தட்டி மச்சான் கேட்டால் விளையாட்டு. இந்த மாதத்தில் எத்தனை நாள் வேலைக்குப் பேர் விழாமல் போயிற்று என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே மனைவி கேட்டால் அது குத்து. பிந்தி மலைக்கு ஏறி வந்தவரை முப்பது பேர் முன்னால் நிறுத்தி வைத்து, வேலை வாங்கும் கங்காணி கேட்டால், அந்த ஆள் அன்று முழுவதும் தலை நிமிர்த்தாமல் நிரை பிடிப்பார்.

நான்கிலும் சொல் ஒன்றே. படுத்திருப்பவர் தோட்டத்தை நடத்தும் துரை இல்லை என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். சொன்னதற்கும் எண்ணியதற்கும் நடுவே தெரிந்தே ஓர் இடைவெளி விட்டு, எதிரில் இருப்பவர் அதைக் கண்டுகொள்வார் என்று நம்பிப் பேசுவதுதான் முரண்நகை. அந்தக் கணக்கில் நான்குமே முரண்நகை. குத்தல் பின்னிரண்டில் மட்டும்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து 'நக்கல்' என்று ஒரே சொல்லால் கட்டிவிடுவது நம் பழக்கம். மாணவர் குறிப்புகளிலோ "ஒன்றைச் சொல்லி அதற்கு எதிரானதை உணர்த்துவது முரண்நகை, அதுவே கடுமையானால் குத்தல்" என்று எழுதி வைக்கிறார்கள். இந்த வரியின் இரண்டு பாதியுமே பிழை.

இரண்டாம் பாதியை முதலில் எடுத்துக்கொள்வோம். முரண்நகை என்பது பேசும் வழி. குத்தல் என்பது பேச்சின் நோக்கம். ஒரு வழியைக் கடுமையாக்கிக்கொண்டே போனால் அது நோக்கமாக மாறிவிடாது. ஜூன் மாதம் வட்டவளைப் பக்கம் பத்து நாளாக வெயில் முகமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் கட்டிய படங்கைப் பிழிந்தபடி ஒரு அக்கா சொல்கிறார்: "நல்லா காயுது வெயிலு. மொளகா இருந்தா அள்ளியாங்க, காயப் போடுவோம்." முரண்நகை எவ்வளவு உரமாக இருந்தாலும் இங்கே அடிபட ஆள் இல்லை. மழைக்கு வலிக்காது. நிரையில் நிற்கிற எல்லோரும் சேர்ந்து சிரிப்பார்கள்.

அதே மலையில் இன்னொன்று. அரைக் கூடையும் நிறையாமல், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்த பெண்ணிடம்: "மெதுவா எறக்கு புள்ள, கூட ஒடஞ்சிறப் போகுது." வழி அதே வழிதான். இப்போது எதிரில் ஓர் ஆள் நிற்கிறார், கூடை அவருடையது, பார்க்கக் கூட்டம் இருக்கிறது.

மூன்றாவதாக ஒன்று: "வாய் ஓடுற ஓட்டத்துக்குக் கை ஓடியிருந்தா இந்நேரம் கூட நெறஞ்சிருக்கும்." இதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. பேசியவர் ஒவ்வொரு சொல்லையும் அப்படியே எண்ணித்தான் சொல்கிறார். முரண்நகை இல்லாத சுத்தமான குத்தல் இது. இந்த மூன்றாவது வகையை மறந்துவிடுவதால்தான் குத்தலை முரண்நகையின் பிள்ளையாக்கிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றோடொன்று பாதி படிந்து கிடக்கும் இரண்டு வட்டங்கள் என்று எடுத்துக்கொண்டால் குழப்பம் தீரும். படிந்த பகுதியில்தான் கூடை உடைகிற பேச்சு நிற்கிறது.

சொல்லின் வேரும் இதையே காட்டுகிறது. முரண்நகைக்கு மேற்கு மொழிகளில் வழங்கும் 'ஐரனி' என்ற பெயர் கிரேக்க நாடகத்தின் 'ஐரோன்' என்ற பாத்திரத்திலிருந்து வந்தது. தனக்கு ஒன்றும் தெரியாதது போலப் பாவனை செய்து, வீம்பு பேசுகிறவனை வீழ்த்தும் ஆள் அவன். குத்தலுக்கு வழங்கும் 'சார்க்காசம்' என்ற பெயரோ சதையைக் கிழிப்பது என்ற கிரேக்க வினையிலிருந்து வந்தது. ஒன்றில் நடிப்பு, மற்றதில் காயம். நம் 'குத்தல்' என்ற சொல்லும் உடம்பில்தான் வேர் விட்டிருக்கிறது. 1998இல் கிறிஸ்டோபர் லீ, ஆல்பர்ட் கட்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் இந்த இரண்டும் எதில் வேறுபடுகின்றன என்று ஆராய்ந்தபோது கண்டதும் இதற்கு ஒத்துப்போகிறது: குறிப்பிட்ட ஓர் ஆளை எள்ளுவதுதான் குத்தலைத் தனியே பிரித்துக் காட்டுகிறது.

இனி முதல் பாதி, அதாவது 'எதிரானதை உணர்த்துவது' என்பது. இந்த வரையறை பழைய அணி நூல்களிலும் உண்டு, 1975இல் மெய்யியலாளர் போல் கிரைஸ் எழுதிய உரையாடல் பற்றிய கட்டுரையிலும் உண்டு. வெயிலுக்கு இது பொருந்தும். ஆனால் தமிழில் முரண்நகைக்கு உச்சம் என்று நான் கருதும் பாட்டுக்கு இது பொருந்தவே பொருந்தாது. புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையாருக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். அவர் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: இங்கே இருப்பவை மயில்தோகை அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவலுள்ள பெரிய மாளிகையில் இருக்கின்றன. அங்கே எம் தலைவனின் வேல்களோ பகைவரைக் குத்தி, நுனி முரிந்து, கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன.

இதில் எந்தச் சொல்லைத் திருப்பிப் போட முடியும்? தொண்டைமானின் வேல்கள் உண்மையிலேயே பளபளக்கின்றன. அதியமானின் வேல்கள் உண்மையிலேயே முரிந்து கிடக்கின்றன. ஒரு பொய்கூட இல்லை. பாராட்டின் இடத்தில் பாராட்டும், குறையின் இடத்தில் குறையும் வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. கேட்கிறவன் அவற்றைத் தானே எடை போட்டு, தன் வேல் போர்க்களம் பார்க்காத வேல் என்ற முடிவுக்குத் தானே வந்து சேர வேண்டும். முடிவை அவர் சொல்லவில்லை, அவனைச் சொல்ல வைத்தார். குறளிலும் இதே வேலை நடக்கிறது. "தேவர் அனையர் கயவர் அவருந்தாம் மேவன செய்தொழுக லான்" (1073). தேவரும் தாம் விரும்பியதைச் செய்வார்கள், கயவரும் தாம் விரும்பியதைச் செய்வார்கள், ஆகவே இருவரும் ஒன்று. தர்க்கம் பிசகாமல் இருப்பதுதான் இங்கே நகை.

ஆகவே எதிர்ப்பொருளைத் தேடாதீர்கள். இடைவெளியைத் தேடுங்கள். அந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்பதற்கு 1981இல் டான் ஸ்பெர்பரும் டெய்ட்ரி வில்சனும் சொன்ன விளக்கம் மலையகப் பேச்சுக்கு மிக நெருக்கமாகப் பொருந்துகிறது. முரண்நகையில் பேசுகிறவர் அந்தச் சொற்களைத் தன் சொற்களாகச் சொல்வதில்லை. வேறொருவர் சொன்னதையோ, எல்லோரும் எதிர்பார்த்ததையோ எதிரொலித்து, அதன்மீது தன் மனப்பாங்கை ஏற்றிக் காட்டுகிறார் என்பது அவர்கள் வாதம்.

தேயிலைத் தூரில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று ஆசை காட்டித் தோட்ட வேலைக்கு ஆள் கட்டினார்கள், அதாவது ஆள் சேர்த்தார்கள் என்ற கதை இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. முள்ளுக்குத்தும் அட்டைக்கடியுமாக ஒரு நாள் முடிந்து, கூடையை இறக்கும் ஒரு பாட்டி வெறுந்தூரைக் காட்டி "இந்தா கெடக்கு தேங்காயும் மாசியும், அள்ளிக்கங்க" என்று சொன்னால், அந்தச் சொல் அவருடையது இல்லை. ஆள்கட்ட வந்தவனுடைய சொல். அவன் சொன்னபடியே திருப்பிச் சொன்னதே போதும், அது உடைந்து விழுந்துவிடும். 2015 முதல் கேட்டுக் கேட்டு, 2021இல்தான் அரசு வர்த்தமானியில் ஏறியது ஆயிரம் ரூபா நாட்சம்பளம். நடுவே இருந்த வருஷங்களில் "ஆயிரம் வந்துருச்சா?" என்று ஒருவர் கேட்டு மற்றவர் "வந்து லயத்து வாசல்ல நிக்குதே" என்று பதில் சொன்னால், எதிரொலிக்கப்படுவது மேடையில் கொடுத்த வாக்கு. யாருடைய வாக்கு என்று தெரியாத ஒரு வெளியூர்க்காரருக்கு இந்த இரண்டு வரியும் வெறும் தகவலாகத்தான் கேட்கும். முரண்நகை விழுகிற இடங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான். கேட்கிறவருக்கு மூலக்குரல் தெரிவதில்லை.

தமிழுக்கு இந்த எதிரொலியைக் காட்ட ஒரு விகுதியே இருக்கிறது. 'ஆம்'. "வேல செஞ்சாரு" என்பது செய்தி. "வேல செஞ்சாராம்" என்றால் அது இன்னொருவர் சொன்ன செய்தி, நான் பொறுப்பில்லை. குரலைக் கொஞ்சம் இழுத்து "வேல செஞ்சாராஆம்" என்றால் முரண்நகை முடிந்தது, வேறு அடையாளம் வேண்டியதில்லை. 'ஆக்கும்' இன்னொன்று: "பெரிய கண்டாக்கையா ஆக்கும்." கண்டாக்கையா என்பவர் தோட்ட வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர். 'பெரிய' என்ற அடைமொழி ஆளின் மேல் ஏறினால் அநேகமாக அது நேர்ப்பொருளில் வராது. "நல்லா கிழிச்ச" என்பதில் வினையே போதும், அதை நேர்ப்பொருளில் யாரும் எடுப்பதில்லை. இப்படி உறைந்துபோன தொடர்களில் முரண்நகையின் உயிர் போய்விட்டது, குத்தல் மட்டும் மிச்சம் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

மரியாதை தாவுவது இன்னும் வலுவான அடையாளம். 'வா, போ' என்று பேசிக்கொள்கிற இருவரில் ஒருவர் திடீரென்று 'வாங்க, உக்காருங்க' என்று ஏறினால், அந்த ஏற்றம்தான் இடைவெளி. வீட்டுக்குள் 'நீங்க' ஏறுவதைக் கேட்டால் சண்டை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பக்கத்துக் காம்பராவுக்கே தெரிந்துவிடும்.

இங்கேதான் 'தொர' என்ற சொல் வேறு ஊர்களிலிருந்து மாறுகிறது. தமிழ்நாட்டில் சோம்பேறியை "தொர" என்று அழைத்தால் அது எப்போதோ போன வெள்ளைக்காரனின் நிழல். மலையக ஊர்களான அட்டனிலோ தலவாக்கலையிலோ ராகலையிலோ துரை இன்னும் இருக்கிறார். மேலே பங்களா இருக்கிறது, பங்களாவுக்குப் போகும் பாதை இருக்கிறது, அதில் யார் ஏறலாம் என்ற வழக்கமும் இருக்கிறது. லயத்தில் ஒருவரைத் துரை என்று அழைக்கும்போது சொல் இரண்டு பக்கமும் தெறிக்கிறது. படுத்திருப்பவர் மீது ஒரு துளி, விடிந்த பிறகும் படுத்திருக்க வசதியுள்ள ஆள் யார் என்ற நினைவின் மீது ஒரு துளி. அம்மாவின் வாயில் அது பிரியமாக மாறுவதற்கும் இதுவே காரணம். என் பிள்ளை துரை மாதிரித் தூங்கட்டுமே என்ற ஆசை அதற்குள் நேராகவே இருக்கிறது. முரண்நகையில் சொல்லப்பட்ட பொருள் முழுக்கப் பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. சில வேளை அதுதான் பேசுகிறவரின் உண்மையான விருப்பம்.

ஒரே பேச்சு விளையாட்டா குத்தலா என்று தீர்மானிப்பதில் குரலையும் சொல்லையும் விட முதலில் வருவது முறை. மச்சான் மச்சினன், கொழுந்தன் மதினி, அத்தை மகள் மாமன் மகன் இவர்களுக்குள் கேலி உரிமை. சடங்கு வீட்டில் மாமன் கொண்டுவந்த சீரைப் பார்த்து "இத வைக்க ரெண்டு லொறி போதுமா மாமா?" என்று கேட்காவிட்டால்தான் மனத்தாங்கல் என்று நினைப்பார்கள். அதே கேள்வியைச் சம்பந்தி கேட்டால் கல்யாணம் நிற்கலாம். மாமியாருக்கும் மருமகனுக்கும் நடுவில் முரண்நகைக்கே இடமில்லை. அங்கே எவ்வளவு மெல்லியதாக வந்தாலும் குத்தலாகவே எடுக்கப்படும். அண்ணன் தங்கைக்குள் ஓரளவு செல்லும், அதுவும் தங்கையின் புருஷன் பக்கத்தில் இல்லாதபோது. வெளிநாட்டு ஆய்வுகளில் 'நெருக்கம்' என்று பொதுவாக ஒரு காரணியை வைக்கிறார்கள். நமக்கு அது போதாது. சம்பந்தி நெருக்கமானவர்தான், ஆனால் முறை இல்லை. பக்கத்து டிவிஷனில் இருந்து இன்றுதான் முதல்தடவை பார்க்கிற ஆள், மாமன் மகன் முறை என்று தெரிந்த மறுநிமிஷம் கேலி தொடங்கிவிடும். ஆகவே ஒரு பேச்சைக் கேட்டு நக்கலா குத்தலா என்று முடிவு செய்யும் முன் இருவருக்கும் என்ன முறை என்று கேளுங்கள். அது தெரியாமல் எழுதப்படும் மலையகக் கதைகளில் உரையாடல் தட்டையாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

முறை இல்லாத இடத்தில், அதாவது வேலைத்தலத்தில், தீர்மானிப்பது மேல் கீழ். கீழிருந்து மேலே போகும் பேச்சு மறைவாகத்தான் போக முடியும். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கிலோ கழிக்கிறார்கள். நேற்று வெயில், இன்று மழை, இரண்டு நாளும் ஒரே கழிவு. "ஐயா கணக்கு என்னைக்குமே மாறாது" என்கிறார் கூடைக்காரி. நிறுப்பவர் இதை வைத்து அவர்மேல் ஒன்றும் செய்ய முடியாது. கேட்டால் புகழ்ந்தேன் என்பார், சொல்லும் அப்படியே இருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என்று இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாக வைவது முதலாவது, மொழியை மறைத்துப் பழிப்பது இரண்டாவது. செய்யுளுக்குச் சொன்ன பிரிவுதான், ஆனாலும் மடுவத்தில் நிற்கும் பெண்ணின் பேச்சுக்குப் பழிகரப்பு என்பதைவிட நல்ல பெயர் எனக்குத் தெரியவில்லை.

திரும்பப் பெறுவதற்கு வழி வைத்துப் பேசும் இந்தக் கலைக்குக் காளமேகத்தின் நாகைப் பாட்டு எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு. காத்தான் சத்திரத்தில் பொழுது சாயும் நேரத்தில் அரிசி வரும், குத்தி உலையில் இட ஊர் அடங்கும், ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது வெள்ளி முளைக்கும் என்பது வசை. சத்திரக்காரர் வருந்தியதும் அதே பாட்டுக்குப் புலவர் வேறு பொருள் சொன்னார் என்பது செவிவழிக் கதை. நாட்டில் அரிசி அற்றுப்போன காலத்திலும் அங்கே அரிசி வரும், உலையில் இட்டதும் ஊரின் பசி அடங்கும், சோற்றின் வெண்மையைக் கண்டு வெள்ளி நாணி எழுந்து போகும். ஓர் எழுத்து மாறவில்லை.

மேலிருந்து கீழே வரும் பேச்சுக்கு இந்த மறைவு தேவையே இல்லை. தேவையில்லாத இடத்தில் அதைப் பயன்படுத்தும்போதுதான் குத்தல் மிகக் கொடுமையாகிறது. பிந்தி வந்தவரிடம் "ஏன் பிந்தினீர்?" என்று கேட்டால் பதில் சொல்லலாம்: பிள்ளைக்குக் காய்ச்சல், வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பரா திறக்கப் பிந்திவிட்டது. "தொர எந்திரிச்சிட்டாரா?" என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. இல்லை என்றும் சொல்ல முடியாது, ஆமாம் என்றும் சொல்ல முடியாது. பதில் சொல்லும் வழியை அடைத்துவிட்டுக் கேட்பதுதான் மேலிருந்து வரும் குத்தலின் அமைப்பு. ஒரு பேச்சைச் சோதிக்க இதையே அளவுகோலாக வைக்கலாம். எதிரில் இருப்பவர் அதே விளையாட்டில் திருப்பி ஒன்று சொல்ல முடிகிறதா? மச்சானிடம் "தொர எந்திரிச்சாச்சு, கோப்பி கொண்டாங்க கோக்கியாரே" என்று, அவரைப் பங்களாச் சமையல்காரராக்கித் திருப்பலாம். கங்காணியிடம் திருப்ப முடியாது.

இந்த இரண்டிலும் அடங்காத மூன்றாவது பேச்சு ஒன்று லயத்தில் உண்டு. சாடை. பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. பழைய லயங்களில் நடுச்சுவர் கூரை வரை ஏறாமல் நின்றுவிடுவதும் உண்டு. பேசுகிற ஒவ்வொரு சொல்லுக்கும் சொன்னவரும் கேட்டவரும் போக, சுவருக்கு அப்பால் மூன்றாவது ஒருவர் இருக்கிறார். வாளியை இரவல் வாங்கித் திருப்பித் தராத பக்கத்து வீட்டுக்காரி காதில் விழ, "ஏ கோழி, நம்ம வீட்டு வாளிய நீயா தின்ன? சரி தின்னுட்டுப் போ, ஒனக்கு இல்லாததா" என்று கோழியிடம் பேசுகிறார்கள். கோழி பேச்சைக் கேட்பவர் மட்டுமே, பேச்சு போய்ச் சேர வேண்டிய முகவரி சுவருக்கு அந்தப் பக்கம். முரண்நகையில் பொருள் மறைகிறது, சாடையில் ஆள் மறைகிறார். குத்தல் இருக்கிறது, ஆனால் குத்தப்பட்டவர் வெளியே வந்து "என்னையா சொன்ன?" என்று கேட்டால் தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். சாடைக்கு நேரடிப் பதில் கொடுக்கக் கூடாது என்பது லயத்தில் எழுதாத சட்டம். பதில் வேண்டுமானால் அவரும் தன் பூனையிடம்தான் பேச வேண்டும். இந்த ஒழுங்கு இருப்பதால்தான் ஒட்டிய சுவருக்குள் பல வருஷம் அடிதடி இல்லாமல் வாழ முடிகிறது. ஆகவே சாடையைக் கோழைத்தனம் என்று தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இதோடு ஒன்றைப் பிரித்து வைத்துவிட்டுப் போகலாம். பேச்சில் இல்லாமல் நிகழ்வில் இருக்கும் முரண் வேறு. 1948 பெப்ரவரி 4இல் நாடு சுதந்திரம் அடைந்தது. அதே ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், அந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த தோட்ட மக்களில் பெரும்பகுதியினரை நாடற்றவர்களாக்கியது. இந்த முரணை யாரும் பேசவில்லை, அது நடந்தது. மொழியியலாளர் ஜோன் ஹெய்மன் எழுதியதுபோல, நிலைமைக்கு முரண்நகை இருக்கலாம், குத்தலாகப் பேச மனிதரால் மட்டுமே முடியும். பரீட்சைத் தாளில் இரண்டையும் குழப்புகிற மாணவர்கள் 'இதைச் சொன்னவர் யார்?' என்று கேட்டுப் பார்த்தால் போதும். சொன்னவர் இல்லையென்றால் அது நிலைமுரண்.

எழுத்துக்கு வந்தால் சிக்கல் பெருகுகிறது. குரலில் இழுப்பும், தாழ்வும், முகத்தில் அசையாத பாவமும் சேர்ந்துதான் இடைவெளியைக் காட்டுகின்றன. வாட்ஸ்அப்பில் "நல்ல வேல செஞ்ச" என்று மட்டும் போய்ச் சேர்கிறது. 2005இல் ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்லி முதலியோர் வெளியிட்ட ஆய்வில், மின்னஞ்சல் எழுதியவர்கள் தங்கள் குத்தலையும் நேர்ப்பேச்சையும் படிப்பவர் 100க்கு 78 தடவை சரியாகப் பிரித்துவிடுவார் என்று எதிர்பார்த்தார்கள். படித்தவர்கள் பிரித்தது 56 தடவை. காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 வரும். எழுதும்போது குரல் நம் தலைக்குள் ஒலிப்பதால் அது எழுத்திலும் இருப்பதாக நம்பிவிடுகிறோம். கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகன், இந்த மாதம் காசு அனுப்பப் பிந்திவிட்டான். வீட்டிலிருந்து "சரி தம்பி, நீ நல்லா இரு" என்று செய்தி போகிறது. அது ஆசீர்வாதமா குத்தலா என்று அவன் இரவெல்லாம் யோசிப்பான். சிரிப்பு முகத்தை ஒட்டினாலும் தீராது, அது இரண்டுக்கும் பொருந்தும். எழுத்தில் முரண்நகை வேண்டும் என்றால் 'ஆம்' விகுதியோ, எல்லோருக்கும் தெரிந்த மூலக்குரலோ வரிக்குள்ளேயே இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் குரல்பதிவாக அனுப்புங்கள்.

கதை எழுதுகிறவர்கள் ஆச்சரியக்குறியை நம்பி மோசம் போகிறார்கள். "அவர் ரொம்ப நல்லவர்!" என்ற குறி முரண்நகையை உரக்கச் சொல்லிக் கொன்றுவிடும். அதற்குப் பதில் முன்வரியில் செயலை வையுங்கள். 'மூன்று கிலோ கழித்து எழுதினார். "ஐயா தங்கமானவர்" என்று கூடையைத் தூக்கினாள்.' குறி தேவையில்லை. 'நக்கலாகச் சொன்னாள்' என்று எழுதினால் இன்னும் மோசம், வாசகருக்கு விட்ட இடைவெளியை நீங்களே அடைத்துவிட்டீர்கள்.

மனு எழுதும்போது முரண்நகையை வாசலிலேயே விட்டுவிடுங்கள். "இரண்டு மாதமாகக் குடிதண்ணீர் தராமல் எம்மைக் காத்துவரும் தங்களுக்கு நன்றி" என்ற வரி கூட்டத்தில் கைதட்டல் வாங்கும். அலுவலகத்தில் அதைச் சிங்களத்தில் பெயர்ப்பவர் நன்றிக் கடிதம் என்று கோப்பில் சேர்க்கலாம், அல்லது அவமதிப்பு என்று ஒதுக்கலாம். இரண்டிலும் தண்ணீர் வராது. திகதி, எத்தனை குடும்பம், குழாய் எந்த இடத்தில் உடைந்தது, இதற்கு முன் யாரிடம் எப்போது சொன்னோம் என்பவை போதும். நம் மனுக்களின் நடையே "மாண்புமிகு ஐயா அவர்களின் பாதம் பணிந்து" என்று ஏற்கெனவே உச்சியில் நிற்கிறது. மரியாதை தாவ அதற்கு மேல் படி இல்லை, ஆகவே அங்கே முரண்நகை கண்ணுக்கே தெரியாது.

பேச்சில் சிங்களத்துக்கு மாற்றுவது எழுத்தைவிட எளிது. நம் 'ஆம்' செய்யும் வேலையை அங்கே 'லு' செய்கிறது. 'எனவா' என்றால் வருகிறார், 'எனவலு' என்றால் வருகிறாராம். அதையும் அவர்கள் இழுத்துச் சொல்வார்கள். 'மாத்தயா' என்ற விளி 'தொர' போலவே தாவி ஏறும். விழுந்துபோவது 'ஆக்கும்', அதற்கு நேராக ஒன்றைத் தேடாமல் முகத்தால் காட்டுவதே நல்லது.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்குச் சமரசம் இல்லை. முரண்நகையைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் ஐந்து, ஆறு வயதில்தான் தலைகாட்டத் தொடங்குகிறது, அதன்பிறகும் பல வருஷம் வளர்கிறது. அதற்கு முன் அவர்கள் அதை உண்மை என்றோ பொய் என்றோதான் எடுக்கிறார்கள். முதலாம் ஆண்டில், பிழையாகக் கூட்டிய பிள்ளையிடம் "நீதான்டா பெரிய கெட்டிக்காரன்" என்று சொன்னால் அது பாராட்டு என்று நினைத்து வீட்டில் போய்ச் சொல்லும். வகுப்பு ஏன் சிரித்தது என்பது மட்டும் புரியாமல் மனதில் தங்கும். மூன்றாம், நான்காம் ஆண்டில் அது புரிந்துவிடும், அப்போது அடுத்த கேள்விக்குக் கை உயராது. "ஏழும் எட்டும் பதினைந்து, நீ பதினான்கு எழுதியிருக்கிறாய், மறுபடி எண்ணு" என்பது அதைவிடக் குறைந்த நேரம் எடுக்கும். வளர்ந்த மாணவர்களுக்கு முரண்நகையைக் கற்பிக்க ஆசிரியர் அதை அவர்கள்மேல் பயன்படுத்த வேண்டியதில்லை, ஔவையாரைக் கொடுக்கலாம்.

விளையாட்டாகச் சொன்னது குத்தலாகப் போய் விழுந்துவிட்டால் "சும்மா பகிடிக்குச் சொன்னேன்" என்பது உதவாது. அது காயத்தோடு, சிரிக்கத் தெரியாதவர் என்ற பழியையும் எதிராளிமேல் போடுகிறது. 'நக்கல் வேற, நெசம் வேற' என்று விளக்கம் கொடுப்பதும் அதே கணக்குத்தான். முரண்நகையால் விட்ட இடைவெளியை நேர்ச்சொல்லால் மூடுவதுதான் வழி, அதுவும் அன்றைக்கே, எந்தக் கூட்டத்தின் முன் சொன்னோமோ அந்தக் கூட்டத்தின் முன். காலையில் "தொர எந்திரிச்சிட்டாரா?" என்று கேட்ட மனைவி, மத்தியானம் சோற்றுப் போசியை நீட்டும்போது "ஒடம்பு ஏதும் சரியில்லயா? நேத்தும் போகலயே" என்று கேட்டால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்.